பிரின்சி திறக்க வைத்த பீரோ

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், சங்கராபுரம் பக்கம் தனி ஆளாக ஜவ்வரிசி மில் கட்டினேன். அங்கே கிழங்கு உரிக்கும் மார்கரெட்டின் மகள் பிரின்சி மனித உரிமைச் சட்டம் படிக்கிறாள். லீவில் வந்து என் ஆபீஸ் வேலையும் பார்ப்பாள்.

ஒருநாள் பீரோவில், மில்லில் வேலை செய்யும் கல்வராயன் மலை ஆட்கள் பதினொரு பேரின் ஆதார் அட்டைகளைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்கய்யா இது?"

"பத்திரமா வெச்சிருக்கேன். கேட்டா குடுப்பேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"எட்டு வருசமா ஒருத்தனும் கேக்கல. அவ்ளோ நம்பிக்கை!"

"பயந்துகினு கேக்கலீங்க. அட்டையைப் புடிச்சு வெக்கறது கட்டாய வேலைக்கு அடையாளம்னு உலகத் தொழிலாளர் அமைப்பு சொல்லுது."

"வெளிநாட்டுக்காரனுக்கு என் மில்லுல இன்னா வேல?"

"அப்ப நம்ம சட்டத்துக்கு வாங்க. கட்டாய வேல கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்குது. இருபத்திமூணாவது பிரிவு. படிச்சுக் காட்டட்டுங்களா?"

அம்மாவுக்கு வேலை போய்விடுமே என்றுகூட அவள் தயங்கவில்லை. நான் எழுந்து அட்டைகளை எடுத்து அவரவர் கையில் கொடுத்தேன். அன்று மாலையே நாலு பேர் மலையில் இருக்கும் தங்கள் ஊருக்குப் போக வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். மில் நின்றுவிடும் என்று பயந்தேன். திங்கட்கிழமை மூன்று பேர் திரும்பினார்கள். ஒருவன் வரவில்லை. வராமல் இருப்பதும் அவன் உரிமை என்றாள் பிரின்சி.

அவளுக்கு அதைச் சொல்லத் தெரிந்தது. கேட்டுக்கொள்ள இந்த வட்டாரத்தில் என்னைத் தவிர எந்த முதலாளி இருக்கிறான்?