ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள்

அவசரப் பிரிவின் பதிவு அறையில் இருபத்திரண்டு வருடமாகக் காயச் சான்றிதழ் அடிக்கிறவளை எல்லோரும் 'தட்டக்கா' என்பார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அதன் மண்டையில் ஓங்கி அறைந்து வழிக்குக் கொண்டுவருவாள். கத்திக்குத்து, உடைந்த பல், வெந்த முதுகு என்று அவள் விரல் வழியாகப் போகாத காயம் இல்லை. சாப்பிடும்போதும் அதையே பேசுவாள் என்று மகள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அன்று காலை கம்ப்யூட்டர் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. எதிரே ஸ்டூலில் ஒரு பெண். தாடை உடைந்து, கிழிந்த உதட்டில் ஆறு தையல். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அவள் புருஷன் முன்கூடத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளோ டாக்டரம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டிவிட்டாள்: இரும்புக் குழாயால், மூன்று அடி. சான்றிதழ் கைக்கு வந்ததும் பின்வாசலில் நிற்கும் அண்ணனோடு நேராகக் காவல் நிலையம். அதுவரை அவனிடம் மூச்சு விடக்கூடாது.

பிரிண்டரோ கல்லாய்ச் சமைந்திருந்தது. தட்டக்கா கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். அணைத்துப் போட்டாள். மண்டையில் இரண்டு வைத்தாள். ஒவ்வொரு அறைக்கும் ஸ்டூலில் இருந்தவள் தோளைக் குறுக்கினாள். அதைப் பார்த்ததும் மூன்றாவது அறை பாதியில் நின்றது.

கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பிக்குப் போன் போட்டாள்.

"பழைய பிரிண்டர லிஸ்ட்ல அழிச்சிட்டு மறுபடி சேத்துடுங்கக்கா. அப்டேட் போட்ட இடத்துல எல்லாம் இதே கூத்துதான்."

அழித்துவிட்டுத் தேடினாள். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு நின்றன. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல். ஒன்று இங்கே, மற்றது முன்கூடத்துச் சீட்டு கவுண்டரில். குழம்பக்கூடாது என்று 'பதிவு', 'முன்' என்று பிளாஸ்திரியில் எழுதி இரண்டின் முதுகிலும் ஒட்டியவள் தட்டக்காதான். கம்ப்யூட்டருக்குள்ளும் பெயர் வைக்கவேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். அசைவில்லை. ஏழு தடவை அழுத்தினாள்.

முன்கூடத்துப் பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது. சீட்டுக்காரர் டீயை முடித்துவிட்டு ஆற அமர ஒரு கட்டுத் தாளைச் சொருகினார். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. தட்டக்கா எழுந்து கதவுக்கு ஓடினாள். கவுண்டரில் முழங்கை ஊன்றி நின்றவன் அந்தப் புருஷன்.

அவள் தாழ்ப்பாளை எட்டுவதற்குள் கதவு உதைபட்டுத் திறந்தது. கசங்கிய தாள்களோடு வந்தவன் மனைவியின் தலைமுடியைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இழுத்துச் சுவரில் மோதினான். தையல் விட்டு ரத்தம் கீபோர்டில் தெறித்தது. தட்டக்கா குறுக்கே பாய்ந்தாள். அவன் அவள் வலது கையை மேசை இழுப்பறைக்குள் திணித்து இரண்டு முறை அறைந்து சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

அவன் மறுபடி மனைவி பக்கம் திரும்பினான். தட்டக்கா பிரிண்டரைத் தோளால் முட்டி மேசை விளிம்புக்கு அப்பால் தள்ளினாள். பதினைந்து கிலோ இரும்பும் பிளாஸ்டிக்கும் அவன் பாதத்தில் இறங்கியது. ஓடிவந்த காவலாளி அவன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி, கையைப் பின்னால் கட்டி இழுத்துப்போனார்.

டாக்டரம்மா உள்ளே வந்து குனிந்து தட்டக்காவின் கையைப் பார்த்தாள். "உங்களுக்கும் ஒரு சான்றிதழ் எழுதணும்க்கா."

"முதல்ல அவளுக்குத் தையல் போடுங்க. என்னோடத நானே அடிச்சுக்கறேன்."

இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: வலது மணிக்கட்டு, மேசை இழுப்பறை, இரண்டு அடி. இரண்டு சான்றிதழையும் சேர்த்து, பட்டியலில் முதலில் இருந்த பிரிண்டரையே தேர்ந்தெடுத்தாள்.

முன்கூடத்து பெஞ்சில் அவனைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். அவன் கண்ணெதிரே தாள்கள் விழுந்தன. புதுத் தையலோடு வந்தவள் அவற்றை எடுத்து அடுக்கினாள். பின்வாசலில் நின்ற அண்ணனை முன்வாசலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.