நல்ல சேதிக்கு முந்துகிறவர்

"தொலைநோக்குள்ள சுகாதாரச் சீர்திருத்தவாதி. மலையேற்றத்திலும் பாரம்பரிய இசையிலும் ஈடுபாடு கொண்டவர்." அரசாங்கக் குறிப்பேட்டில் சுகாதார அமைச்சர் மலாக்கி டெவானி இப்படித்தான் இருக்கிறார். எங்கள் ஊர் கில்டாரக்கில் அவர் ஏறிய மிக உயரமான இடம், தேர்தல் சமயத்தில் தேவாலய வாசலில் பேச்சு மேடையாக நிற்கும் டிராக்டர் டிரெய்லர். பப்பில் யாராவது ஃபிடிலைத் தோளில் வைத்தால் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குமேல் தன் பேச்சை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டூஹி பப்பின் பின்னறையில் உட்கார்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்பார். டீக்கு நாலு கரண்டிச் சர்க்கரை. குறைகளை அவர் தீர்க்கிறார் என்று சொல்ல முடியாது. தீர்ந்துவிட்டதை முதலில் தெரிந்துகொள்கிறார். கவுன்சிலில் ஒரு கோப்பு கையெழுத்தானால், "தெரிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறேன்" என்று அவருடைய கடிதம் அன்றைக்கே தபாலில் போகும். அரசாங்கக் கடிதம் மறுநாள்தான் வரும். எங்கள் அரசியல்வாதிகள் எல்லோரும் செய்வதுதான். இவருக்கு வேகம் அதிகம்.

ஒரே ஒருமுறை தவறியது. குளியலறை மானியம் கேட்டிருந்த நோரீன் டான்ஸி, பப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மலாக்கி, உன் லெட்டர் வந்தப்போ நான் புது ஷவர்லதான் நின்னுட்டிருந்தேன்."

"தண்ணி சூடா வருதா? அதையும் அடுத்த லெட்டர்ல போட்டுடறேன்" என்றார் அவர்.

கெட்ட சேதிக்கு முறை வேறு. அது ஓர் அதிகாரியின் கையெழுத்தில் வரும். அமைச்சர் "ஏமாற்றமடைந்தேன்" என்று பத்திரிகைக்கு அறிக்கை கொடுப்பார். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில், கில்டாரக் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடும் கோப்பு அவர் மேஜைக்கு வந்தது. துறைச் செயலாளர் 'ஏமாற்றமடைந்தேன்' அறிக்கையையும் சேர்த்தே தயாரித்திருந்தார். அடுத்த பிரசவ வார்டு ஐம்பது மைல் தள்ளி. கில்டாரக் வார்டை மூடவிடமாட்டேன் என்று சொல்லித்தான் மலாக்கி ஜெயித்திருந்தார்.

ஊரார் தேவாலயப் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். உட்கார இடமில்லை. அறிக்கை மலாக்கியின் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய இரண்டு பெண்களும் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி அட்ராக்டா ஹீலி, வேலை உடையோடு எழுந்து நின்றாள்.

"இது யாரோட முடிவு, மலாக்கி? டப்ளின்ல எந்தப் பெரிய ஆளா இருந்தாலும் சரி, பேரைச் சொல்லு. நாங்க பாத்துக்கறோம்."

அவர் தப்பிக்க இதைவிட நல்ல கதவை யாரும் திறந்துவிட்டிருக்க முடியாது.

"என் முடிவுதான், அட்ராக்டா. மயக்க மருந்து டாக்டர் வாரத்துல மூணு நாள்தான் இருக்கார். மத்த நாலு நாள்ல ஒருத்திக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ என்ன பண்ணுவே?"

"ஓட்டுக் கேக்க வந்தப்போ இது உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும்."

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கை கொடுக்க ஒருவரும் நிற்கவில்லை.

மார்ச் மாதம் வார்டைத் தன் கையெழுத்திலேயே மூடினார். அடுத்த தேர்தலில் நின்றார். ஏழாவது சுற்று எண்ணிக்கையில், இருநூற்றுப் பதினோரு வாக்கில் தோற்றார்.