தெரியாது என்று சொன்ன அருளப்பன்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகலில், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் காலில் இருந்த புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் பியூன் தந்தியோடு வந்தார். என் கைகள் ஈரமாக இருந்தன. பிரித்துக் காட்டச் சொன்னேன். அவர் என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் டிரசராக இருந்த அருளப்பன் அவர்கள் அன்று விடியற்காலையில் காலமானார், மாலையில் அடக்கம். இவ்வளவுதான் செய்தி. புண்ணைக் கட்டி முடித்தேன். கட்டு சரியாக அமையவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். பிறகு பத்து காஜா ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுவது முதல் காய்ச்சலுக்கு ஊசி போடுவதுவரை எல்லாம் டிரசரின் வேலை. வாரம் ஒருமுறை டாக்டர் துரை மோட்டாரில் வந்து போவார். மற்ற ஆறு நாளும் ஜனங்களுக்கு நாங்கள்தான் டாக்டர். எங்கள் தோட்டத்துக்கு இரண்டாவது டிரசராக அருளப்பன் அவர்கள் வந்தது, யுத்தம் முடிந்து, ரப்பர் விலை விழுந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த சமயம். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். எனக்கு இருபத்தெட்டு. லகாட் ஊரில், லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்து ஆட்களுக்கு மருந்து விற்ற ஒரு கடையில் பல வருஷம் மருந்து கலக்கிக்கொண்டிருந்தவர். பெரிய காய்ச்சல் பரவிய வருஷத்தில் மனைவியை இழந்தார். லம்பம் மூடியதும் கடையும் மூடிவிட்டது. ஒரு பெட்டி, ஒரு வேதப்புத்தகம், ஒரு குடை. வந்தபோது அவரிடம் இருந்தவை அவ்வளவே.

முதல் வாரமே அவர் தடுமாறினார். அவர் கட்டிய கட்டுகள் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போய்ச் சேருமுன் அவிழ்ந்தன. ஒரு நோயாளியைப் பார்க்க எனக்கு ஆகிற நேரத்தைப்போல் மும்மடங்கு எடுத்துக்கொண்டார். நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் மருந்தறையில் என் அருகே வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு ஊசி போடத் தெரியாது. சொல்லிக் குடுங்க."

"தெரியாமயா டிரசர் வேலைக்கு வந்தீங்க?"

"மருந்து கலக்கத் தெரியும்னுதான் எழுதிக் குடுத்தேன். இங்க ஆள் இல்லன்னு எடுத்துக்கிட்டாங்க. உங்க கையப் பாத்தேன். நல்ல கை. அதான் கேக்கறேன்."

நேரம் இல்லை என்றேன். பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்டார். பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் பின்னால் நின்று பார்த்தார். அவர் கண்ணுக்குப் படாதபடி நான் தோளைத் திருப்பிக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திட்டு வாங்கித்தான் கற்றேன். இன்னொருவருக்கு மட்டும் அது ஏன் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். வராந்தா நிறைய ஆட்கள். அருளப்பன் அவர்கள் தனியாக நின்று, பார்த்த அளவுக்குச் செய்தார். ஊசியை வெந்நீரில் அலசினார். கொதிக்கவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நான் அடுப்படியில் கொதிக்கவைத்ததை அவர் எங்கே பார்த்தார்? அந்த ஊசி போட்டதில் வீராயி என்ற பால்வெட்டுப் பெண்ணின் கை வீங்கிச் சீழ் வைத்தது. மாட்டு வண்டியில் பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே அந்தக் கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. பால்வெட்டும் உளியைப் பிடிக்க முடியாமல் அவர் புல்வெட்டுக்குப் போனார்.

டாக்டர் துரை எங்கள் இருவரையும் நிறுத்தி விசாரித்தார். பழியை அருளப்பன் அவர்கள் தாமே சுமப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளதைச் சொன்னார்.

"ரெண்டு தடவை கேட்டேன், துரை. சொல்லித் தரல. ஆனா ஊசி போட்டது என் கைதான். தெரியாத வேலையத் தொட்டது என் தப்பு."

துரை என் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து கத்துக் குடு" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தைகளைவிட அவர் பார்த்த பார்வை பொல்லாதது. அருளப்பன் அவர்கள்மீது எனக்கு வந்த கோபம் அடங்க வெகுநாள் ஆனது.

கற்றுக்கொடுத்தேன், முகம் கொடுக்காமல். தம்புனிலிருந்து வந்த பம்ளிமாஸ் பழத்தில் ஊசி குத்திப் பழகினார். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பார். ஏன் இந்த இடத்தில் குத்த வேண்டும், ஏன் இவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்? பல கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியாது. "நீங்களும் துரைகிட்ட கேளுங்க தம்பி, ஒண்ணும் கொறஞ்சிடாது" என்பார். நான் கேட்டதில்லை. அவர் கேட்டு வந்து எனக்குச் சொல்வார்.

ஞாயிறுதோறும் வேதப்புத்தகம் படித்து முடித்ததும் வீராயியின் லயத்துக்குப் போய் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்து விரல்களை மடக்கிவிடுவார். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன்.

"நீங்க வராம இருந்தா நான் மறந்திருப்பேன்லா. வாரா வாரம் வந்து ஞாபகப்படுத்துறீங்க" என்றார் வீராயி.

அருளப்பன் அவர்கள் அடுத்த விரலை மடக்கிவிட்டார். அடுத்த ஞாயிறும் போனார்.

இரண்டு வருஷத்தில், வராந்தாவுக்கு வரும் ஜனங்கள், "பெரிய டிரசர் இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெரிய டிரசர் நான். ஆனால் அவர்கள் கேட்டது அருளப்பன் அவர்களை. அந்தச் சமயத்தில்தான் சிலிம் ரிவர் பக்கம் காடு வெட்டித் திறந்த புதுத் தோட்டத்துக்கு ஒரு டிரசர் தேவைப்பட்டார். தனியாகச் சமாளிப்பாரா என்று டாக்டர் துரை என்னிடம் கேட்டார். சமாளிப்பார் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மெய் என்பதற்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை, அவர் போனால் போதும் என்றிருந்தது.

புறப்படுவதற்கு முன்தினம் அருளப்பன் அவர்கள் வந்தார். "இன்னும் ரெண்டு மாசம் உங்ககூட இருந்துக்கிறேன் தம்பி. துரைகிட்ட சொல்லுங்க. புதுக்காட்டுக் காய்ச்சல் வேற மாதிரியாம். எனக்கு அது தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லண்ணே."

"தெரியாதுன்னு சொன்னப்ப சிரிச்சீங்க. இப்பவும் தெரியாதுன்னுதான் சொல்றேன்" என்றார். கோபமில்லை, வருத்தம்தான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்து கடிதங்கள் எழுதுவார். எல்லாம் கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் போட்டேன். கடைசிக் கடிதம் அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு வந்தது. "இங்கே ஒரு நோயாளிக்குக் குளிரும் காய்ச்சலும். சிறுநீர் கறுத்துப் போகிறது. இவ்வகையில் கொய்னா மருந்து கொடுக்கலாமா, நிறுத்தவேண்டுமா? தயவுசெய்து உடனே எழுதவும்." நிறுத்த வேண்டும். அது எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று மேசைக்குள் வைத்தேன். ஞாயிறன்று ஈப்போவில் ஒரு கல்யாணம். போய்விட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மழையில் பாதை உடைந்து பாதிரியார் வரமுடியவில்லை. மானேஜர் துரை ஜெபம் வாசித்தார். கூட்டத்தில் பெரும்பாலோர் வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், கைகூப்பி நின்றார்கள். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் சின்னையா என்னிடம் வந்தார்.

"கறுப்புத்தண்ணிக் காய்ச்சல்ல கெடந்த நோயாளி எங்கே?" என்று கேட்டேன்.

"அப்படி வேற யாரும் கெடக்கலீங்களே. ஐயாவுக்குத்தான் அப்படிப் போச்சு."

என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டேன்.

"கடுதாசி வருதான்னு தினம் என்னைய ஆபீசுக்கு அனுப்புவாரு. வரலன்னதும் 'சரி, தெரிஞ்ச மருந்தையே சாப்பிடறேன்'னு கொய்னாவ முழுங்கினாரு. கடைசிவரைக்கும் முழுங்கினாரு."

அந்த நோயில், நிறுத்தினாலும் பலர் பிழைப்பதில்லை. டாக்டர் துரை பிறகு எனக்கு அதைத்தான் சொன்னார். அவர் சொன்னதை நான் அப்படியே எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை.

அருளப்பன் அவர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அறியாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று, தம்மைவிட இளையவனிடம், சிரிப்பவனிடம், மறுபடி மறுபடி வந்து சொன்ன மனிதர் அவர். அப்படிப்பட்ட இன்னொருவரை நான் கண்டதில்லை.

மறுநாள் காலை என் தோட்டத்துக்குத் திரும்ப எழுந்தேன். விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது பேர்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்தினம் மண் போட்டவர்களே. டிரசர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல், மூடியிருந்த மருந்தறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சின்னையாவிடம் சாவியை வாங்கி நான் கதவைத் திறந்தேன். மருந்து கேட்டு யாரும் எழுந்து வரவில்லை.

போய் வாருங்கள், அண்ணே.