டால்பினைத் தேடி வந்த படகுகள்

மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலில் பிரதோஷத்துக்குக் கூடுகிற உங்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் நான் ரொம்பச் சலித்துப் போயிருந்தேன். நோய் நொடி ஒன்றும் இல்லை. காலையில் எழுந்திருக்கவே பிடிக்காது. சாமி கும்பிடுவதையும் விட்டாயிற்று. கேட்டால், கடையை யார் பார்ப்பது என்பேன். அந்தச் சமயத்தில்தான் பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் டீலர்களை மொரீஷியஸ் தீவுக்கு டூர் கூட்டிப் போனார்கள். என் மனைவி செல்வி ஆசைப்பட்டாளே என்று கிளம்பினேன். மதுரை ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்தவள் தீவில் இறங்கும்வரை விடவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் படகில் ஏற்றி, டால்பினோடு நீந்தலாம் என்றார்கள். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். செல்வி எனக்கும் ஒன்றை நீட்டினாள்.

"ஏங்க, இதைப் போட்டுக்கோங்க. எல்லாரும் போட்டிருக்காகள்ல."

"ஏட்டி, நான் வன்னியம்பட்டிக் கிணத்துல குதிச்சு வளந்தவன். சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டு நீந்த நான் என்ன சின்னப்பிள்ளையா?"

எங்கள் பக்கம் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்குத்தான் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவார்கள். அந்த வீம்பு எனக்கு. படகுக்காரர் சத்தம் போட்டும் காதில் வாங்காமல் குதித்துவிட்டேன்.

அடியில் ஓர் ஆமை போனது. அதன் பின்னாலேயே போனேன். கொஞ்ச நேரம் மனசு லேசானது உண்மை. தலையைத் தூக்கினால் படகு எங்கேயோ இருந்தது. அதில் எல்லாரும் வேறு பக்கம் டால்பினைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் நாலு கை போட்டால் படி வந்துவிடும். இங்கே நீரோட்டம் என்னை இழுத்துக்கொண்டே போனது. கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. கை ஓய்ந்துவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. இனிக் கடை திறக்க வேண்டாமே என்று ஆறுதலாகக்கூட இருந்தது. அப்புறம்தான் செல்வி நினைவுக்கு வந்தாள். அவள் எப்படித் தனியாக ஊர் போய்ச் சேருவாள்? அழுகை வந்தது. "வைத்தியநாதா, அவளைத் தனியா அனுப்பிராதய்யா" என்றேன். அதற்கு மேல் சொல்ல மூச்சு இல்லை.

பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். கறுத்த முதுகு ஒன்று எழுந்து அமிழ்ந்தது. பிறகு ஒரு கூட்டமே. டால்பின்கள் என்னைத் தொடவில்லை, தங்கள் பாட்டுக்குப் போயின. ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு, டால்பின் தேடி வந்திருந்த மற்றப் படகுகளும் எங்கள் படகும் என் பக்கம் திரும்பின. முதல் படகில் கேமராவோடு நின்ற ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

அவர்கள் என்னைத் தூக்கிக் கொண்டுவந்து எங்கள் படகில் ஏற்றியதும் செல்வி என்னைத் திட்டவில்லை. "உங்களைக் காணோம்னதும் வைத்தியநாதரைத்தான் கூப்பிட்டேன். இங்க வேற யாரை எனக்குத் தெரியும்?" என்றாள். இத்தனை நாள் கோயிலுக்கு அவளைத் தனியாக அனுப்பிவிட்டு, நான் என்னத்தைக் கட்டிக் காத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

இப்போது அலுப்பெல்லாம் ஓடிப்போயிற்று என்றால் அது பொய். இன்றைக்கும் அலுப்புத்தான். ஆனால் பிரதோஷத்தன்று நாலு மணிக்கே கடையை அடைத்துவிட்டுச் செல்வியோடு பஸ் ஏறிவிடுகிறேன். உங்களிலும் கும்பிடக்கூடத் தெம்பில்லாதவர்கள் இருப்பீர்கள். நீளமாக வேண்டிக்கொள்ள வேண்டாம். முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். அரை மூச்சில் சொன்னதும் அவருக்குக் கேட்கிறது.