உள்ளங்கை அளவு மருந்து

எங்கேயோ கோயிலில் வேட்டுப் போடுகிறார்கள். சத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை; பின்னால் வருகிற புகைதான் ஆகாது. அழுகிய முட்டையும் ஈரச் சாம்பலும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததும், எழுதிய வரியைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். என் அக்கா புருஷனான மாமாவின் சட்டையில் எப்போதும் இருந்த வாடை அது.

செஞ்சியில் ராஜகிரிக்குப் பின்புறம் மாமாவுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கழனி இருந்தது; நிலக்கடலைதான் மல்லாட்டை. மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். பயிரைக் காக்க அவரிடம் லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, உருண்டையான ஈயக் குண்டைப் போட்டு, இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். மருந்துக்கு அளவு கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவார். கையில் குண்டை வைத்து, அது மறைகிற வரைக்கும் மருந்தைக் கொட்டுவது. அவர் நைனா அப்படித்தான் செய்தார்; மூன்று தலைமுறையாக யாருக்கும் விரல் போகவில்லை.

அறுபதுகளில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் லைசென்ஸ் ரத்து. அந்த வருஷம் ஒரே ஒரு கிழட்டுப் பன்றி பாதிக் கழனியைக் கிளறிப் போட்டிருந்தது. மாமா இரண்டு தடவை சுட்டார். இரண்டு தடவையும் அது உதறிக்கொண்டு போனது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும்.

"பட்டாளத்துல உருண்டையா சுடறாங்க மாமா? நீட்டா, மொனை கூரா இருக்கும். காத்தக் கிழிச்சிக்கினு போவும்."

"அப்படியா சொல்ற?"

"புஸ்தகத்துல படம் பாத்தேன்."

படம் மட்டும்தான் பார்த்தேன் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நீளக் குண்டுக்கு அச்சு வேண்டுமே என்று தேடினோம். கடைசியில் என் சுண்டுவிரலையே ஈரக் களிமண்ணில் அழுத்தி, மண்ணைக் காயவைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றினார். இரண்டு குண்டு. இரண்டிலும் என் நகம் தெரிந்தது. என் சுண்டுவிரல் லேசாக வளைந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒப்படைக்கிற நாள் காலையில் ஏரிக்குப் போனோம். நீர் வற்றிய பக்கத்தில் ஒரு பழைய முறத்தை நட்டோம். பழைய உருண்டைக் குண்டு அந்த முறத்தைத் தப்பியதே இல்லை. உருண்டைக்கு எது தலை, எது கால்? எப்படிப் புரண்டாலும் அது உருண்டை. என் விரல் அப்படியில்லை. பழைய அளவு மருந்திலேயே முதல் குண்டைச் சுட்டார். கனம் தாங்காமல் அது தாழ்ந்துபோய், முறத்தின் கீழ் ஓரத்தில் படுக்கைவாட்டில் இடித்து, நீளமாக ஒரு ஓட்டை போட்டது. தூங்கிக்கொண்டே போயிருக்கிறது.

மாமா ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"மருந்து பத்தல மச்சான். குண்டு மறையற வரைக்கும் கொட்டணும். நாமதான் கொட்டல."

நீளக் குண்டை உள்ளங்கையில் படுக்க வைத்தார். மருந்தைக் கொட்டினார். நகம் மறையவில்லை. இன்னும் கொட்டினார். கை நிறைந்து, குவிந்து, விரலிடுக்கில் வழிந்தபோது குண்டு மறைந்தது. அவ்வளவும் குழாய்க்குள் போனது. பிறகு நாரை அடைத்து, குண்டைச் செருகி இடித்தார். முதல் வேட்டின் கரி படிந்திருந்ததால் அது பாதிக் குழாயில் நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. மாமா துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினார். பிறகு இறக்கினார். அன்றைக்கே ஒப்படைத்தாக வேண்டும்.

குழாய் வானத்தைப் பார்க்கும்படி துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், முன்னாள் பட்டாளத்துக்காரர், குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தார்.

"துப்பாக்கியக் குடுன்னா குண்டோட குடுக்கறியே, யாருக்குய்யா ஓட்டு?"

"சிக்கிக்கிச்சி சார்."

"இன்னா குண்டு?"

"மச்சான் சொன்னாரு. பட்டாளத்து குண்டு."

ரைட்டர் என்னைப் பார்த்தார். "ரைஃபிளு குழாயில உள்ளாற திருகாணி மாதிரி மரை இருக்கும் தம்பி. அதுல சுத்திக்கினே போறதாலதான் நேரா போவுது. இது வழவழன்னு தண்ணி பைப்பு. நீளக் குண்டு கனம், குழாயையும் இறுக்கிப் புடிக்கும். மருந்தக் கொறைக்கணும். எவ்ளோ போட்ட?"

மாமா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். ரைட்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அஞ்சி மணிக்குள்ள காலி பண்ணிக் கொண்டா. லைசென்ஸ் வேணும்னா துப்பாக்கி வரணும். கை வேணும்னா நீ புடிச்சி சுடாத."

கயிற்றுக்காக மாமா வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட அக்கா கிணற்றுக் கயிற்றைத் தானே உருவிக் கொடுத்தாள். "மாட்டுக் கயிறு பத்தாது. நீ தூரமா நில்லுய்யா. இவன இன்னும் தூரமா நிக்க வையி."

துப்பாக்கியை ஏரிக்குள் இருந்த கருவேல மரத்தில் கட்டினோம். விசையில் கயிற்றை முடிந்து, கரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு மாமா இழுத்தார். கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. புகை கலைந்தபோது குழாய் நடுவில் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. முறத்துக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ரைட்டர் விரிந்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். லைசென்ஸ் தப்பியது. சுடுவதற்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் மாமா ரசீதை நாலாக மடித்து மடியில் செருகினார். கழனிக்குத்தான் போகிறார் என்று தெரிந்தது. இனிமேல் தகரம் தட்டித்தான் பன்றியை விரட்ட வேண்டும்.

"நானும் வரேன் மாமா."

"வேணா."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல மச்சான். எனக்கு எதுனா தெரியலன்னா, அது தெரியாமயே இருக்கட்டும். நீ வூட்டுக்குப் போயி சாப்டு."