திருவிருந்துக்கு நிற்காத ராஜரத்தினம்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும், அதற்குத் தகுதி தரும் திடப்படுத்தல் சடங்கை இன்னும் பெறாத பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாக, நரைத்த தலையுடன் ராஜரத்தினமும் போவார். மனைவி ஜெயபாய் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். நாங்கள் சும்மா இருப்போமா? குடிக்கிறார் என்றோம். சிவகாசியில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றோம். எங்கள் வாயில் விழாதவர்கள் ராஜபாளையத்தில் குறைவு.

உண்மை வேறு. எண்பத்து நான்கில் அவர் ஒரு நூற்பு மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் மிஷினில் வேலை பார்த்தார். மூடியைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க ஒரு சுவிட்ச் உண்டு. அடிக்கடி நின்றால் உற்பத்தி குறையும், மேஸ்திரி கத்துவார். அதனால் சுவிட்சைக் கழிவு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஷிப்ட் முடியும்போது அவிழ்த்துவிடுவது அங்கே எல்லோரும் செய்கிற வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கோயில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டப் போகும் அவசரத்தில், ராஜரத்தினம் அவிழ்க்க மறந்துபோனார். அடுத்த ஷிப்டுக்கு வந்த வீரணன், மிஷின் நின்றுவிடும் என்ற பழக்கத்தில் மூடியைத் திறந்து கையை விட்டார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

அந்த அமளியில் நூலை யாரோ அறுத்தெறிந்துவிட்டார்கள். வீரணன் குடித்திருந்தார் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். ராஜரத்தினம் வாய் திறக்கவில்லை. திறந்தால் தன் வேலையும் போய்விடும் என்ற பயம்.

ஒன்பது வருடம் கழித்துத்தான் ஐயரிடம் கொட்டினார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஆண்டவர் மன்னித்துவிட்டார், இனி அந்தப் பாரம் உன்னுடையதல்ல என்றார். ஆனால் திருவிருந்துப் பந்திக்கு வருமுன் வீரணனைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றும் சொன்னார்.

வீரணன் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் காவல் இருந்தார். ராஜரத்தினம் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"குடிச்சிட்டுக் கையக் குடுத்தியேன்னு சொல்லிச் சொல்லியே எம் பொண்டாட்டி அழகுத்தாய் போய்ச் சேந்தா. அவகிட்ட இப்ப யாருலே போய்ச் சொல்ல?"

ராஜரத்தினம் தரையில் உட்கார்ந்து அழுதார். வீரணன் மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து, பல்லால் நூலைக் கடித்து இழுத்துப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. பொட்டலத்தை ராஜரத்தினத்தின் முன்னால் தள்ளினார்.

"இதையாவது அவுத்து விடு. ரெண்டு பேருமாச் சாப்பிடுவோம்."

செட்டியார்பட்டிக்குப் போய் அழகுத்தாயின் உறவுக்காரர்களிடமும் ராஜரத்தினம் உண்மையைச் சொல்லி, அவர்கள் ஏசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த முதல் ஞாயிறு பிள்ளைகள் எழுந்து போனார்கள். ராஜரத்தினம் எழவில்லை. ஜெயபாய் பக்கத்தில் முழங்காலிட்டு, அப்பம் வாங்க வலது கையை நீட்டியவர், அந்தக் கையைப் பார்த்துத் தேம்பிவிட்டார்.

மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஏன் இந்த அழுகை என்று வாசலில் கேட்டேன்.

"பாரம் எறங்கிட்டுய்யா. அழகுத்தாய நெனச்சாத்தான் தாங்கல" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன். நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துவிடும், வீரணன் பொட்டலத்தைப் பிரிக்காமல் காத்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டு நடந்தார்.