மேல்வீட்டுக் கிற்றாரும் கீழ்வீட்டுப் பாடகனும்

வியாழன் காலை ஏழு மணிக்கு ஸ்காபரோவில் பஸ் ஏறினேன். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஏறக்குறைய ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். ஒருவழிக் கட்டணம் அறுபத்தெட்டு டொலர். நவம்பர் மாதம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் அறுவடை முடிந்த சோள வயல்கள் மழையில் கறுத்துக் கிடந்தன.

நான் போனது ஒரு மரணவீட்டுக்கு. இறந்தவன் அன்ரன். வீட்டில் விழுந்து இறந்தான் என்று செய்தி வந்திருந்தது. எண்பதுகளில் மொன்றியலில் எங்களுக்கு ஒரு ஹார்ட் ரொக் இசைக்குழு இருந்தது. அன்ரன் பாடினான், ரவி கிற்றார் வாசித்தான், நான் ட்ரம்ஸ் அடித்தேன். மூவரும் மட்டக்களப்பில் ஒரே பள்ளிக்கூடம். அகதிகளாக வந்து, பகலில் உணவகங்களில் கோப்பை கழுவி, சனிக்கிழமைகளில் தோள்வரை தலைமயிரோடு மதுக்கடை மேடைகளில் ஏறினோம்.

பக்கத்து இருக்கையில் சென்னைக்காரர் ஒருவர். பொறியியலாளர், ஐம்பது வயதிருக்கும். பேச்சு இசைக்குத் திரும்பியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எய்ட்டீஸ் ராக்னா பாட்டை விட சண்டைதான் சார் சூப்பர்! பாடுறவன் ஒரு பஸ்ல வருவான், கிடார் வாசிக்கிறவன் இன்னொரு பஸ்ல. மேடைக்குக்கூட வேற வேற பக்கமா ஏறுவாங்களாம்."

"ஓம், நாங்களும் வாசிச்சிருக்கிறம்" என்றேன்.

அப்போது அந்தச் செய்திகளைப் பத்திரிகைகளில் தேடித் தேடி வாசித்தோம். சண்டை பிடிப்பது பெரிய குழுவின் அடையாளம் என்று நினைத்தோம். எங்கள் குழுவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கிங்ஸ்டன் வந்தபோது அவர் தூங்கிவிட்டார்.

பகல் ஒன்றரைக்கு மொன்றியல். பெரி என்ற நிலையத்தில் மெட்ரோ எடுத்து, ஜோன்-தலோனில் நீலத் தடத்துக்கு மாறி, பார்க் நிலையத்தில் இறங்கினேன். பயணச்சீட்டு மூன்றே முக்கால் டொலர். பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் முன்பு கிரேக்கக் கடைகள் இருந்த இடங்களில் இப்போது புடவைக்கடைகளும் இறைச்சிக்கடைகளும். வீடு மாறவில்லை. இரண்டு மாடிச் செங்கல் வீடு, மேல்மாடிக்கு வெளியே வளைந்தேறும் இரும்புப் படி. கீழே அன்ரன், மேலே ரவி. இருவரும் நண்பர்களாக இருந்த காலத்தில் சேர்ந்து வாங்கிய வீடு அது.

அவர்களைப் பிரித்தது ஒரே ஒரு மாலை. சென்-லோரான் தெருவில் ஒரு மதுக்கடையில் வாசித்தோம். இசைத்தட்டுக் கம்பனிக்காரன் ஒருவன் பார்க்க வந்திருந்தான். கடைசிப் பாட்டின் நடுவே ரவி தனியாக வாசிக்கத் தொடங்கினான். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. அன்ரன் மைக்கைப் பிடித்தபடி நின்று பார்த்தான், பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். கம்பனிக்காரனும் எழுந்து போனான். ரவியின் பேராசைதான் அவனைத் துரத்தியது என்றான் அன்ரன். அன்ரனின் திமிர்தான் என்றான் ரவி. குழு அன்றோடு முடிந்தது. நான் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன். வீட்டை விட்டுப் போகிறவன் தோற்றவன் என்று இருவரும் அங்கேயே இருந்தார்கள். கல்யாணங்கள் நடந்தன. அன்ரனின் மனைவி புற்றுநோயில் போனாள், ரவியின் மனைவி வேறொரு வாழ்க்கைக்குப் போனாள். அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

ரவி கதவைத் திறந்தான். தலையில் மயிரே இல்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்தான், குடிக்கவில்லை. சன்னலோரம் அவனுடைய கிற்றார் பெட்டிக்குள் மூடிக் கிடந்தது.

"மச்சான், உனக்கொண்டு சொல்ல வேணும். மெலனிக்கு இன்னும் தெரியாது" என்றான். மெலனி அன்ரனின் மகள்.

சுடுதண்ணீர் ஓடும் வெப்பக் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கீழிருந்து மேலே போகிறது. ரவி மாலையில் வாசித்தால் அன்ரன் அதில் கரண்டியால் தட்டுவான். நிறுத்து என்று அர்த்தம். ரவி சத்தத்தைக் கூட்டுவான். வருடக்கணக்காக அவர்களிடையே மிஞ்சியிருந்த ஒரே பேச்சு அதுதான்.

"போன வெள்ளிக்கிழமை பின்னேரமும் தட்டினவன். நான் கூட்டினனான். கனநேரம் தட்டினான். மறுகா நிப்பாட்டிப்போட்டான். வெண்டுட்டன் எண்டு நினைச்சன்."

"அப்பதான் விழுந்தவனோ?"

"ஓம். இடுப்பு முறிஞ்சு குழாயடியில கிடந்திருக்கிறான்." ரவி என்னைப் பார்க்கவில்லை. "சனிக்கிழமை விடியவும் தட்டினவன், மச்சான். அப்ப நான் வாசிக்கேல்ல. கிற்றார் பெட்டிக்குள்ள கிடந்தது."

"போய்ப் பாக்கேல்லயா?"

"சும்மா சொறியிறான் எண்டு நினைச்சன். நான் முதல்ல இறங்கிப் போனா அவன் சிரிப்பான் எண்டு நினைச்சன்."

மெலனி பியர்ஃபோன் புறநகரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அந்த ஞாயிறும் வந்து கதவைத் திறந்தபோது அன்ரனுக்கு உயிர் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டது.

எனக்கு ரவியின் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்க் கோப்பையைக் கழுவினேன். திரும்பி வந்தபோதும் அவன் அப்படியே இருந்தான்.

"அவளுக்கு நீதான் சொல்லவேணும்" என்றேன்.

"ஓம். நாளைக்குச் சொல்லுறன்."

வெள்ளி காலை பத்து மணிக்குத் தேவாலயத்தில் பூசை. வாசலில் ஈரமான பனி பெய்தது. மெலனி கறுப்பு மேலங்கியோடு வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றாள். ரவியைக் கண்டதும் ஆச்சரியப்பட்டு இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"அங்கிள், நீங்க வந்தது அப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கும்."

ரவி கையை விடுவித்துக்கொண்டான். வந்தவர்கள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு முதல்நாள் எனக்குச் சொன்னதையே, ஒன்றையும் மறைக்காமல், அதே ஒழுங்கில் அவளுக்குச் சொன்னான். சனிக்கிழமையையும் சொன்னான்.

அவள் பிறகு மெல்லச் சொன்னாள்:

"அப்பாண்ட கையில கரண்டி இருந்தது. சாப்பிடப் போய் விழுந்திட்டார் எண்டு நான் எல்லாருக்கும் சொன்னனான்."

"பிள்ளை..."

"நோன்" என்று பிரெஞ்சில் மறுத்தாள். "உள்ள வராதீங்க."

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். ரவி என்னைப் பார்த்தான். அவனோடு வெளியே நிற்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. சவப்பெட்டி தூக்கும் ஆறு பேரில் நானும் ஒருவன். நான் உள்ளே போனேன்.

பூசை முழுவதும் எனக்கு வேதவாக்கியம் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு பெண் பாடினாள். அன்ரனின் குரலில் பாதிகூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ரவி தெருவின் மறுபக்கத்தில், ஒரு தெப்பனரின் கூரைக்குக் கீழே நின்றான். சிகரெட், பால் விற்கும் சின்னக் கடை அது. சவவண்டியின் கதவு சாத்தியதும் அவன் தொப்பியைக் கழற்றினான். வண்டிக்குப் பின்னே கார்கள் போயின. அவனை ஒருவரும் ஏற்றவில்லை, நானும் மெலனியின் காரில் இருந்தேன்.

சனி காலை மெலனியே என்னைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். பஸ் புறப்படக் கால்மணி இருக்கும்போது சொன்னாள்:

"அங்கிள், நான் கீழ்வீட்டை விக்க மாட்டன். அவருக்குச் சொல்லுங்கோ. அவர் விரும்பின காலம் மேல இருக்கட்டும், பொலிசுக்கோ கோட்டுக்கோ நான் போகேல்ல. ஆனா நான் அவரோட கதைக்க மாட்டன்."

"நீயே சொல்லன், பிள்ளை. ஒருக்கா மட்டும்."

தலையை ஆட்டி மறுத்தாள். அந்த மறுப்பில் அன்ரனின் தாடை அப்படியே இருந்தது. மேடையிலிருந்து இறங்கியபோது நான் பார்த்த அதே தாடை.

பஸ் ஒன்ராறியோவுக்குள் நுழைந்தபின் ரவிக்கு ஃபோன் எடுத்தேன். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"வேற ஏதும் சொன்னவளோ?"

"இல்லை."

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ரொறன்ரோவில் என் வீடு பதினேழாவது மாடியில் இருக்கிறது. கீழே யார் இருக்கிறார்கள், மேலே யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களோடு எனக்குக் கோபமும் இல்லை. அதை இத்தனை காலமும் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபோனில் ரவியின் மூச்சு கேட்டது. சன்னலுக்கு வெளியே பனி மழையாக மாறியது. கோர்ன்வால் தாண்டும்போது இணைப்புத் தானாக அறுந்தது. மறுபடி எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியாமல் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.